புழங்காத பை

அத்தியாயம் 14

பரணிலிருந்து இறங்கிய நாள் முதல் அந்தப் பைக்கு வீட்டில் மாப்பிள்ளை மரியாதை நடந்துகொண்டிருந்தது. வெயில் படக்கூடாது. ஈரக்கை படக்கூடாது. மூடியைச் சும்மாச் சும்மா திறக்கக்கூடாது. சாயந்திரம் சாம்பிராணி போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். அருணாதேவி பன்னிரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்றோடு அந்த ஓட்டம் முடிகிறது. பையை வாங்கிக்கொள்ள சென்னையிலிருந்து ஆள் வருகிறது.

போன வாரம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சடையன் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். "வேங்கிக்கால்ல மெஸ்ஸா? கலெக்டர் ஆபீஸ் ஜனத்துக்கு ஆக்கிப் போட இவ போயிட்டா இங்க யாரு ஆக்கறது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரசம் ஊற்றச் சொன்னாரே, அந்தச் சடையன்தான் அருணாதேவியின் கணவனுக்கு அண்ணன். கணவன் புகழேந்தி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் தென்றலோடு அடி அண்ணாமலையில் அதே வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள்.

யாரும் அவளைத் துரத்தவில்லை. குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. அடுப்படியை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். வீட்டுக்கு மூன்று வேளை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக்காரர்களுக்குப் போடும் இட்லிக் கடைக்கு அண்டா அண்டாவாக. இட்லி அருணாதேவியுடையது. கடை சடையனுடையது.

பை வந்த கதையும் அடுப்படிக் கதைதான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்த வெளிநாட்டுக்கார மார்த்தா அம்மாவுக்கு ஒன்பது வருஷம் மதியச் சாப்பாடு செய்து கொடுத்தாள் அருணாதேவி. காரம் கம்மி, எண்ணெய் கம்மி, பேச்சும் கம்மி. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அம்மா ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியபோது அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "எல்லாம் விட வந்தேன். இது விட மறந்தேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிச் சிரித்தாள்.

பெட்டிக்குள் துணி உறை. உறைக்குள் கருஞ்சிவப்பில் ஒரு தோல் பை. அடியில் மடித்து வைத்த பில். அருணாதேவிக்குப் பையைவிடப் பெட்டிதான் பிடித்தது. நல்ல கெட்டி அட்டை. ரேஷன் கார்டையும் தென்றலின் மார்க் ஷீட்டுகளையும் அதில் போட்டாள். பையை உறையோடு பரணில் ஏற்றினாள். பில்லைத் தூக்கிப் போடவில்லை, காகிதம் எதையும் தூக்கிப் போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

தென்றல்தான் குட்டை உடைத்தாள். இருபது வயது, காலேஜ் நேரம் போக ஆசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை. ஒரு நாள் கடைக்கு வந்த வெளியூர்ப் பெண்ணின் தோளில் இதே பையின் தங்கை தொங்குவதைப் பார்த்தாள். விசாரித்தாள். வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அம்மா, அது புதுசு நாலு லட்சமாம்!"

அருணாதேவிக்கு முதலில் பயம்தான் வந்தது.

பழசுக்கு என்ன விலை போகும் என்பதைத் தென்றல் செல்போனில் தேடித் தேடிப் படித்துக் காட்டினாள். மூலை தேயக்கூடாதாம், கைப்பிடி கறுக்கக்கூடாதாம், உள்ளே எந்த வாசனையும் இருக்கக்கூடாதாம். பெட்டியும் பில்லும் இருந்தால் விலை ஏறுமாம். அந்த நிறத்தைக் கம்பெனி நிறுத்திவிட்டால் இன்னும் ஏறுமாம்.

"அப்போ தோலுக்கு இன்னா வெல?" என்றாள் அருணாதேவி.

"தோலுக்கு ஒண்ணும் பெருசா இல்லம்மா."

"நகைய உருக்கினா செய்கூலி, சேதாரம்தான் போவும், தங்கம் நிக்கும். இத உருக்கினா?"

"நாத்தம் வரும்."

"அப்போ பூரா செய்கூலிதானா?"

"செய்கூலியும் பேரும். கம்பெனி பேரு."

சடையனின் மனைவி ராஜம்மாள் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முட்டி வலிக்காரி, வாசற்படி தாண்டுவதில்லை. அருணாதேவிக்கு ஓரகத்தி என்று பெயர்தானே தவிர, கூடப்பிறந்த அக்கா மாதிரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தென்றல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கேள்வி அங்கேயே மறந்துபோயிற்று.

பழைய பைகளை வாங்கி விற்கும் சென்னைக் கடை ஒன்றுக்குத் தென்றல் அன்றே படம் எடுத்து அனுப்பினாள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று பதில் வந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில், ரிட்டயர் ஆன மணிமொழி டீச்சரின் கட்டடத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் வராவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக டீச்சர் சொல்லியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை.

"காசக் கையில வாங்கினதுக்கு அப்புறம்தான் பையக் குடுக்கணும், இன்னா?" என்றாள் ராஜம்மாள், முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியே. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரிங்கக்கா."

"அந்த எடத்துல தண்ணி வருமாடி?"

"போர் இருக்குங்கக்கா. நான் போய்ட்டு மூணு மணிக்குள்ள வந்துடறேன். கொழம்பு வெச்சிட்டேன்."

ராஜம்மாள் தலையை ஆட்டினாள். தைலம் தேய்த்த இடத்திலேயே மறுபடி தேய்த்தாள்.

அருணாதேவி பையை உறையில் போட்டு, உறையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் இறக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். ஷேர் ஆட்டோவில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். கிரிவலப் பாதையில் ஒரு குரங்கு கட்டைப்பையை உற்றுப் பார்த்தது. "இதுல வாழப்பழம் இல்லடா" என்று அதனிடம் சொன்னபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அருணா மெஸ். போர்டில் பச்சை எழுத்து என்று முடிவு செய்தும் விட்டாள்.

*

சென்னையிலிருந்து வந்தவள் பெயர் பூஜா. தென்றலைவிட நான்கு வயது கூட இருக்கலாம். காபிக் கடையின் பின்பக்க மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சை எடுத்து வைத்தாள். ஆபரேஷன் மாதிரி இருந்தது. தென்றல் கடை ஏப்ரனோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

பூஜா பையைப் பார்ப்பதற்கு முன்னால் பில்லைப் பார்த்தாள். பிறகு பெட்டியை. பெட்டி மூலைகள் மழுங்காமல் இருந்ததற்கு ஒரு முறை தலையசைத்தாள். பையை எடுத்ததும் நான்கு மூலையையும் விரலால் வருடினாள். கைப்பிடியை மடக்கினாள். தையலை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பைக்குள் மூக்கை விட்டு முகர்ந்தாள்.

"ஊதுபத்தி, கற்பூரம், அந்துருண்டை எதுவுமே இல்ல. சூப்பர் ஆன்ட்டி. இந்த ஊர்ல இப்படி ஒரு பை கிடைக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

சாம்பிராணிக்கு ஓடிய ஓட்டம் வீண் போகவில்லை என்று அருணாதேவி நினைத்துக்கொண்டாள்.

"யாரும் தோள்ல மாட்டினதே இல்லையா?"

"இல்லம்மா. அந்தம்மா வீட்டுல அலமாரி, எங்க வீட்டுல பரண்."

"அதுதான் ஆன்ட்டி விலையே. யூஸ் பண்ணின பை எல்லார்கிட்டயும் இருக்கு. இந்தக் கலரை வேற கம்பெனி நிறுத்திட்டாங்க. யூஸ் பண்ணாம இருக்கறது எங்க கிடைக்கும்?"

உழைத்துத் தேய்ந்ததற்கு விலை கிடையாது, சும்மா படுத்துக் கிடந்ததற்கு ஒன்றெண்பது. இது என்ன நியாயம் என்று அருணாதேவிக்கு விளங்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்த நியாயம் அவள் பக்கம் இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை.

பூஜா முன்பக்க மூடியைத் தூக்கினாள். மூடியின் உட்புறம் இரண்டு விரல் அகலத்தில் தங்க முலாம் பூசிய ஒரு பித்தளைத் தகடு. அதில் கம்பெனியின் பெயர் சின்னதாகப் பொறித்திருக்கும். டார்ச் வெளிச்சம் அங்கே போய் நின்றது. நகரவில்லை.

"ஆன்ட்டி, இது என்ன?"

அருணாதேவி குனிந்து பார்த்தாள். வெளிநாட்டுக் கம்பெனியின் பெயருக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, ஆழமாக, நல்ல தமிழில் வெட்டியிருந்தது.

பு. அருணாதேவி
அடி அண்ணாமலை

"இது யாரு?" என்றாள் பூஜா.

"நான்தான்" என்றாள் அருணாதேவி.

தென்றல் டார்ச்சைப் பிடுங்கிப் பார்த்தாள். "நாங்க வெட்டல! சத்தியமா எங்களுக்குத் தெரியாது. நான் படம் எடுத்தப்போ இது இல்ல."

பூஜா தன் செல்போனில் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு நாளுக்கு முந்தைய படம். தகடு துடைத்து வைத்தது போல இருந்தது.

"ஆமா, இல்லதான். வெட்டின இடத்துல பித்தளை இன்னும் பளபளன்னு இருக்கு பாருங்க. ரெண்டு மூணு நாளுக்கு மேல இருக்காது. இருந்தா கறுக்க ஆரம்பிச்சிருக்கும்."

"தகட்டை மட்டும் மாத்திட முடியாதாம்மா?"

"தோலோட சேர்த்து அடிச்சிருக்காங்க ஆன்ட்டி. கழட்டினா தோல் கிழியும். தேய்ச்சு எடுக்கலாம்னா முலாம் போயிடும், கம்பெனி பேரும் சேர்ந்து போயிடும்." பூஜா கையுறையைக் கழற்றினாள். அவள் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இந்த விலை குடுக்கறவங்க, இது முதல்லேருந்து தன்னோடதுங்கற மாதிரி இருக்கணும்னு பாப்பாங்க. உள்ள இன்னொருத்தர் பேர் இருந்தா தொட மாட்டாங்க. தோலு, கலரு நல்லா இருக்கறதால பாதி தரேன். தொண்ணூறு. அதுக்கு மேல என்னால முடியாது."

தொண்ணூறை வைத்துக்கொண்டு மணிமொழி டீச்சர் வீட்டுப் படியேற முடியாது. அம்மாவுக்கும் மகளுக்கும் அது தெரிந்தது.

"ஏழு மணி வரைக்கும் நான் ரூம்லதான் இருப்பேன். கோயிலுக்குப் போயிட்டுக் கிளம்பறேன். யோசிச்சு போன் பண்ணுங்க" என்றாள் பூஜா.

பின்கட்டில் வந்து தென்றல் வெடித்தாள். "பெரியப்பாதாம்மா! வேற யாரு? ஆக்கிப் போட ஆள் போயிடுமேன்னு செஞ்சிருக்காரு. நான் போய்க் கேக்கறேன் பாரு."

"நீ வேலையப் பாரு. நான் கேட்டுக்கறேன்."

சடையனைக் கேட்பதற்கு முன்னால் அருணாதேவி போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். 'லை'யின் தலையில் ஒரு சுழி சுழித்து இழுக்கும் கை அது. வீட்டில் உள்ள குடம், தவலை, டபரா, தட்டு எல்லாவற்றிலும் அதே கைதான் 'க. சடையன், அடி அண்ணாமலை' என்று வெட்டியிருக்கிறது. ஆறு வருஷமாக அந்த எழுத்தைத்தான் அவள் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள்.

*

தேரடி வீதிப் பாத்திரக் கடையின் வாசலோரம், பாத்திரங்களில் பேர் வெட்டும் கண்ணாயிரம் மிஷினோடு உட்கார்ந்திருந்தார். யாரோ சீர்வரிசைக்கு வாங்கிய சொம்பு ஒன்று அவர் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. மிஷின் வண்டு போல் இரைந்தது.

"வாம்மா. குடமா, டிபன் பாக்ஸா?"

அருணாதேவி கட்டைப்பையிலிருந்து மெல்ல எடுத்து மூடியைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா விழுந்திருக்கில்ல? தோலுல மிஷின் படாம வெட்டறதுக்குள்ள எனக்கு உசிரு போயி உசிரு வந்துச்சு."

"யாருங்க எடுத்துனு வந்தாங்க?"

கேட்டுவிட்டு அருணாதேவி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். சடையன் என்று சொல்லட்டும். அவர்மேல் கோபப்படுவது அவளுக்குப் பழகிய காரியம், அதில் வலி அதிகம் இல்லை.

"உங்க அக்காதான். ராஜம்மா."

"அவங்களா? அவங்களால நடக்கவே முடியாதே."

"செவ்வாக்கெழம மத்தியானம் பஸ்ஸுல வந்தாங்க. படியேற முடியல, நான்தான் கையக் குடுத்து ஏத்தினேன். காசு வேணாம்னேன், கேக்கல." கண்ணாயிரம் சொம்பின் தூளை ஊதினார். "'என் தங்கச்சி பேரு, அழியாதபடி ஆழமா போடுங்க'ன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்கம்மா. ஏன், எழுத்துல எதனா தப்பா?"

"இல்லீங்க. எழுத்து நல்லா இருக்கு."

செவ்வாய்க்கிழமை மதியம் அருணாதேவி வேங்கிக்காலில் இருந்தாள். காலி இடத்தில் அடுப்பு எங்கே வரும், கை கழுவும் தொட்டி எங்கே வரும் என்று தன் காலடியால் அளந்துகொண்டிருந்தாள்.

திரும்பும் ஆட்டோவில் கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புகழேந்தி போன பிறகு ஒரு வருஷம் அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள் ராஜம்மாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தவள். அப்படிப்பட்டவள் ஏன் இதைச் செய்தாள்? இல்லை, கெடுதலாக இருக்காது. அக்காவுக்கு விவரம் தெரியாது. இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள்.

*

வீட்டில் ராஜம்மாள் அடுப்படியில் இருந்தாள். அதுவே அதிசயம். வாணலியில் எண்ணெய் காய்ந்து கரிந்து புகை சூழ்ந்திருந்தது.

"நீ பசியோட வருவியேன்னு அப்பளம் பொரிக்கலாம்னு பாத்தேன்" என்றவள், கட்டைப்பையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள்.

"சரிப்படலங்கக்கா" என்றாள் அருணாதேவி. அடுப்பை அணைத்தாள். "உள்பக்கத் தகட்டுல என் பேர் இருக்கு."

ராஜம்மாள் மறுக்கவில்லை. மணைப்பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான்டி போட்டேன். எதிர்வூட்டுக் காசியம்மா சொன்னா, மெட்ராஸ்காரங்க கைமாத்திடுவாங்களாம். உள்ள எடுத்துனு போயி இதே மாதிரி டூப்ளிகேட் பைய நீட்டி, 'இது எங்களுக்கு வேணாம், எடுத்துனு போ'ன்னு சொல்லிடுவாங்களாம். ஈயம் பூசக் குடுத்த குடத்தக்கூட பேரப் பாத்துதான திருப்பி வாங்கறோம்? அதான், ஒன் பொருளு ஒனக்கே நிக்கட்டும்னு… பேர் போட்டா வெல கம்மியாவும்னு எனக்கு இன்னாடி தெரியும்?"

அண்டாவைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர்க்காரனிடம் எடைக்குப் போடும்போது பேர் இருந்தாலும் ஒரே விலை, இல்லாவிட்டாலும் ஒரே விலை. அக்காவுக்குத் தெரிந்த உலகம் அதுதான். முட்டி வலியோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள், எனக்காக! அருணாதேவிக்கு நெஞ்சு இளகிவிட்டது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ராஜம்மாளின் முட்டியில் கையை வைத்தாள்.

"சரி விடுங்கக்கா. தெரியாம நடந்தது."

ராஜம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அருணாதேவியின் தலையைத் தடவினாள்.

"பாதி வெலைக்கெல்லாம் குடுத்துடாதடி. அது இன்னா பாதி? பரண்லயே கெடக்கட்டும். மெஸ்ஸெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

முட்டியை நீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"பாதின்னு நான் சொல்லலயே அக்கா."

ராஜம்மாள் அப்பளத் தட்டைப் பார்த்தாள்.

சரிப்படவில்லை என்று மட்டும்தான் அருணாதேவி சொல்லியிருந்தாள். பாதி என்ற வார்த்தை இந்த வீட்டில் ஒரே ஒரு தரம்தான் சொல்லப்பட்டது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், பூண்டு உரித்த சாயந்திரம். அன்று ராஜம்மாள் கேட்ட கேள்வி இப்போது அருணாதேவியின் காதில் அப்படியே கேட்டது. 'நம்ம குடத்துல பேர் வெட்டற மாதிரி இதுல வெட்டினா இன்னா ஆவும் தென்றலு?' தென்றல் சிரித்துச் சிரித்துச் சொன்ன பதிலும் கேட்டது. 'வெட்டினா அவ்ளோதான் பெரியம்மா. பாதி வெல போயிடும்.'

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

ராஜம்மாள் தட்டிலிருந்த அப்பளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அக்கா, கேக்கறேன்ல?"

"நீ போயிட்டா இந்த வூட்ல எனக்கு யாருடி இருக்கா?" ராஜம்மாளின் குரல் உடைந்தது. "அவுரு சோறு கேக்கத்தான் வாயத் தொறப்பாரு. பெத்த புள்ள இளவரசன் ஓசூர்லேர்ந்து மாசத்துக்கு ஒரு போன் போடுவான், அதுவும் அப்பாகிட்ட குடுன்னு சொல்றதுக்கு. நீயும் போயிட்டா நான் செவுத்தோடயா பேசுவேன்?"

"அதுக்கு என் பேரையா வெட்டினீங்க?"

"மொதல்ல கத்தியால கீறிடலாம்னுதான் நெனச்சேன். அருவாமனையப் பக்கத்துல வெச்சினு உக்காந்தேன், திங்கக்கெழம. மனசு வரல." ராஜம்மாள் அழத் தொடங்கியிருந்தாள். "அவ்ளோ அழகா இருக்கு, எப்படிடி கீறுவேன்? கெடுக்கணும்னா ஒன் பேரப் போட்டே கெடுத்துடலாம், அதுவாவது பாக்க நல்லா இருக்கும்னு தோணுச்சு. இந்த வூட்ல எதுலயும் ஒன் பேர் இல்ல. அதுவும் எனக்குத் தெரியும்டி."

அருணாதேவிக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் வந்தது, கோபத்தின் மேலேயே பாசமும் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு நின்றன. ஆறு வருஷம் அவளைக் கட்டிப்போட்டது சடையனின் சத்தம் என்றுதான் நினைத்திருந்தாள். சத்தத்தைத் தாண்டிப் போவது சுலபம். தலையைத் தடவும் இந்தக் கையை எப்படித் தாண்டிப் போவது?

போன் அடித்தது. மணிமொழி டீச்சர்.

"அருணா, மணி நாலரை ஆவுது. ஜெராக்ஸ்காரர் பணத்தோட வந்து உக்காந்துட்டார்மா. வரியா, இல்லியா?"

"ஆறு மணிக்குள்ள வரேன் டீச்சர்."

"முழுசா இருக்கா?"

"வந்து சொல்றேன் டீச்சர்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். கட்டைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். பெட்டியிலிருந்து உறையை, உறையிலிருந்து பையை. காலையில் பெட்டியைக் காலி செய்து அலமாரியில் எடுத்து வைத்திருந்த ரேஷன் கார்டையும் தென்றலின் மார்க் ஷீட்டுகளையும் பைக்குள் வைத்தாள். இடுப்பில் செருகியிருந்த மளிகை அலமாரிச் சாவியை எடுத்து, ராஜம்மாளின் பக்கத்தில் மணைப்பலகையில் வைத்தாள்.

"இன்னாடி செய்ற?"

"பாதிக்கே குடுத்துடறேங்கக்கா. டீச்சர் கால்ல விழுந்து மீதிக்குத் தவணை கேக்கறேன். குடுத்தா சரி, இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன்." பையின் மூடியை அழுத்தி மூடினாள். "மீதிப் பாதி இந்த வீட்டுலயே இருக்கட்டும். நீங்க என்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டது அது. கணக்கு சரியாப் போச்சு."

பெட்டியையும் பில்லையும் கட்டைப்பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள். பாரிஸில் தைத்து, பதினோரு வருஷம் இந்த ஊரில் இருட்டில் கிடந்த பை முதல் தடவையாக ஒரு தோளில் ஏறியது. சாயம் போன பருத்திப் புடவைக்கும் அந்தக் கருஞ்சிவப்புக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. அதனால் என்ன? இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்கு அது அவளுடையது. பேர்கூட இருக்கிறது.

வாசலைத் தாண்டினாள். வெயில் பையின் மேல் நேராக விழுந்தது. அவள் துண்டு போட்டு மூடவில்லை.

நாலைந்து எட்டு நடந்திருப்பாள். பின்னால் கம்பு ஊன்றும் சத்தம் கேட்டது. வாசற்படியில் ஒரு முனகல். பிறகு, மண்ணில் இழுத்து இழுத்து வைக்கும் செருப்பின் ஓசை.

"அருணா… இருடி. நானும் வரேன்."

எதற்கு வருகிறாள்? டீச்சரிடம் பேசவா, பையை விற்க விடாமல் மறிக்கவா, இல்லை, சடையனையும் அந்த அடுப்படியையும் விட்டுவிட்டுத் தன்னோடேயே வந்துவிடவா? அருணாதேவி நடையை நிறுத்தவில்லை. வேகமாகவும் நடக்கவில்லை.

அடி அண்ணாமலைக் கோயில் பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ அவள் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவளையும் அவள் தோளுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"ஒருத்தரா, ரெண்டு பேராம்மா?"

அருணாதேவி பையின் பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏறவும் இல்லை.